அக்காவிடம் சொல்லாதது

ஜேர்மனியின் எசன் நகரில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ரவி அண்ணையும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே ஏரிக்கரைக்குப் போய்விடுவோம். பார்ஷ் என்ற ஏரி மீன் வெளிச்சம் வரும் வேளையில்தான் நன்றாகக் கடிக்கும்.

அன்று கைவிளக்கு ஒளியில், தூண்டில் முள் பொருத்திய போலி மீன்கள் நிறைந்த என் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணை எட்டிப் பார்த்தார்.

"ரப்பர் மீனைப் போடும். அதில ஒரு முள்ளுத்தான். மற்றதில ஆறு முள்ளு, இருட்டில ஆபத்து."

நான் கேட்கவில்லை. புதிதாக வாங்கிய, ஆறு முள் உள்ள வெள்ளி நிற மீனைக் கட்டினேன். தண்ணீரில் சலசலப்புக் கேட்டதும் பின்னால் பார்க்காமல் தூண்டிலை ஓங்கினேன். எதிலோ சிக்கியது. பலமாக இழுத்தேன். அண்ணை அலறிய பிறகுதான் முள் அவருடைய கண்ணில் ஏறியிருப்பது தெரிந்தது.

மருத்துவமனைக்கு ஓடி வந்த அவர் மனைவியான அக்காவிடம், நான் வாய் திறப்பதற்குள் அண்ணை முந்திக்கொண்டார்.

"என்ரை கைதான் தவறினது."

வலது கண் பார்வை போயிற்று. அதோடு பேருந்து ஓட்டும் வேலையும் போயிற்று. ஏன் பொய் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"கண் போனது போதும். உம்மையும் இழக்க ஏலாது."

அக்கா என்னைக் காணும்போதெல்லாம், "நீங்கள் பக்கத்தில நிண்டபடியால்தான் தம்பி, அவர் தப்பினவர்" என்பார். நான் தலை குனிந்து "ஓம் அக்கா" என்பேன்.

அண்ணை என்னை மன்னித்துவிட்டார். மன்னிக்க வேண்டிய இன்னொருவருக்கோ, நடந்தது என்னவென்றே தெரியாது. எழுதி முடித்த இதை முதலில் அக்காவுக்குத்தான் வாசித்துக் காட்டப் போகிறேன்.