அம்புக்குறி நடுங்கிய பின்னேரம்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வைப்பதற்காகவே இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டு, அது முடிந்தபின் முகாமிலிருந்து விடுபட்டுச் சொந்த ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டுக்குக் கரண்டும் வந்துசேர்ந்திருந்த வருடம் அது. நான் மன்னார் ரவுணில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதலாளி கழித்துவிட்ட ஒரு பழைய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சியோடு இணைத்து, படம், பாட்டு, திருவிழா வீடியோ எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவைத்தேன். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் பிரான்சிலிருந்து வந்த மாமாவின் மகன், தன் பிள்ளைகளுக்கு அலுத்துப்போன ஒரு கேம் ரிமோட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனான். கையில் பிடித்து வீசினால் திரையில் பந்தடிக்கிற, வாள் சுழற்றுகிற சாமான். விளையாட்டுப் பெட்டி பிரான்சில். எனக்கு வந்தது வெள்ளை நிறத்தில் அந்த ரிமோட் மட்டும்தான்.

அதைக் கணினியோடு பொருத்த எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. ரிமோட்டைத் திரைக்கு நேரே நீட்டினால் கை போகிற பக்கம் அம்புக்குறி போகவேண்டும். அதற்கு ரிமோட்டின் முனையில் இருக்கிற கண் திரைக்குக் கீழே இரண்டு வெளிச்சப் புள்ளிகளைக் காணவேண்டும். அந்தப் புள்ளிகளைக் காட்டுவதற்கென்று ஒரு பட்டை உண்டு. மச்சான் அதைத் தரவில்லை. இரண்டு மெழுகுதிரி இருந்தால் போதும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் மெழுகுதிரிக்கா பஞ்சம்? மடுவிலிருந்து கொண்டுவந்த திரிகளில் இரண்டை எடுத்து, ஒரு சாண் இடைவெளி விட்டுத் திரைக்குக் கீழே நட்டுக் கொளுத்தினேன். அம்புக்குறி துள்ளி எழுந்தது.

"மாதாவுக்கு ஒரு திரி கொளுத்தச் சொன்னா நூறு சாட்டுச் சொல்லுவாய். ரீவிக்கு ரெண்டு கொளுத்துறியோ?" என்றார் அம்மா.

ரிமோட்டை வலப்பக்கம் சரித்தால் சத்தம் கூடும், இடப்பக்கம் சரித்தால் குறையும், ஓர் உதறு உதறினால் அடுத்த பாட்டு. அயலட்டையெல்லாம் வந்து பார்த்தது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இன்னும் ஆச்சரியப்படட்டும் என்று அம்புக்குறியின் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிவைத்தேன். கை ஒரு நூல் அசைந்தால் அது திரையில் ஒரு முழம் ஓடும்.

அக்கா மட்டும் அதைத் தொட்டதில்லை. சண்டையின் கடைசி மாதங்களில், பங்கரிலிருந்து தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், அவளுடைய வலது முன்னங்கையில் வெடித்த ஷெல்லின் பீஸ் ஒன்று ஏறியது. நரம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எடுக்கப் போனால் கை வழங்காமல் போகலாம் என்று டொக்டர் அப்படியே விட்டுவிட்டார். மேசையில் ஊன்றி எழுதும்போது ஒன்றும் தெரியாது. கையை அந்தரத்தில் நீட்டிப் பிடித்தால் மட்டும் நடுங்கும். நீளக் கைச் சட்டைக்குள் தழும்பும் மறைந்துவிடும்.

அப்போது அவளுக்கு முப்பது ஆகவிருந்தது. வன்னிக்குள் இருந்து வந்த பிள்ளை என்றதும் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. "உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?" என்று மீனுக்குச் செவுள் பார்க்கிற மாதிரி கேட்டார்கள். மூன்றாவதாகப் பக்கத்து ஊரான கீரியிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை படகு எஞ்சின் திருத்துகிறவர். மடுவில் ஒருமுறை கண்டு இருவரும் கதைத்திருந்தார்கள், அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த இடமாவது சரிவரவேண்டும் என்று அவள் செபமாலையோடு இருந்ததை நான் ஒவ்வொரு நாளும் கண்டேன்.

"கேட்டாச் சொல்லுவம். கேக்காட்டி கலியாண எழுத்து முடியட்டும், பிறகு பாப்பம்" என்று அம்மா முடிவெடுத்தார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் மாப்பிள்ளையும் அவருடைய தாயும் மூத்த சகோதரியும் வந்தார்கள். அம்மா எல்லாவற்றையும் யோசித்துவைத்திருந்தார். தட்டத்தில் மடித்த துவாய் விரித்து, சோசர் வைக்காமல், கோப்பைகளில் முக்காலுக்கு மட்டும் தேத்தண்ணி. அக்கா முழங்கைகளை இடுப்போடு ஒட்டி, இரண்டு கையாலும் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு கோப்பையும் கிலுங்கவில்லை. அம்மா மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

அத்தோடு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கவேண்டும். எனக்கோ என் கெட்டித்தனத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. திரிகளைக் கொளுத்திக் கணினியைப் போட்டேன். மாப்பிள்ளை ரிமோட்டை வாங்கி, அம்புக்குறியைக் கொண்டுபோய் அச்சொட்டாக ஒரு பாட்டின்மேல் நிறுத்தினார். "எப்பிடித் தம்பி இதைச் செய்தனீங்கள்?" என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆம்பிளையளுக்கு இதெல்லாம் லேசு. எங்களுக்கு ஏலாது" என்றார் அவருடைய சகோதரி.

"சீ, லேசான வேலை. எங்கட அக்காவும் செய்வா, பாருங்கோ" என்று சொல்லி, ரிமோட்டைக் கொண்டுபோய் அக்காவின் வலது கையில் வைத்தேன்.

அவளுடைய கையை அந்த நேரம் மறந்துபோனேன் என்று பல வருடம் எனக்கே சமாதானம் சொல்லிவந்திருக்கிறேன். மறக்கவில்லை. அது என் கண்ணில் படவே இல்லை. அந்த அறையில் நான் ஒருவன் மட்டும்தான் இருப்பதுபோல் நின்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அம்புக்குறி திரையின் நடுவில் நின்று நடுங்கத் தொடங்கியது. இரண்டு சின்ன நடுக்கம், ஓர் உதறல். மறுபடியும் இரண்டு நடுக்கம், ஓர் உதறல். பாட்டுகள் தாமாகவே மாறிக்கொண்டு போயின.

"காத்துக்குத் திரி ஆடுது. அதுதான் அம்புக்குறியும் ஆடுது" என்றேன்.

மாப்பிள்ளையின் சகோதரி எழும்பிப்போய் ஃபேனை நிறுத்தினார். சுவாலைகள் நிமிர்ந்து நின்றன. அம்புக்குறி நடுங்கிக்கொண்டே இருந்தது.

நான் பாய்ந்து அக்காவின் கையிலிருந்து ரிமோட்டைப் பறித்தேன். "இதுக்கு என்னவோ பிழை வந்திட்டுது. பாருங்கோ, எனக்கும் ஆடுது" என்று கையை நீட்டி வேண்டுமென்றே நடுங்கினேன். இரண்டு சின்ன நடுக்கம், ஓர் உதறல். அம்புக்குறி அப்படியே ஆடியது, ஒரு வித்தியாசமும் இல்லை. மாப்பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் முந்தித்தான் அதே ரிமோட் அவருடைய கையில் அசையாமல் நின்றிருந்தது.

"விடு தம்பி" என்றாள் அக்கா. சட்டைக் கையை முழங்கை வரை மடித்தாள். "ரிமோட்டில பிழையில்லை. என்ர கைதான் நடுங்கிறது. உள்ளுக்க பீஸ் கிடக்கு. முதலே சொல்லியிருக்கவேணும்."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. தாய்க்காரி தழும்பைப் பார்த்துவிட்டு, "கர்த்தர் காப்பாத்தினாரே, அது போதும் பிள்ளை" என்றார். மிச்சத் தேத்தண்ணியையும் குடித்தார்கள். வாசலில், "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார்கள். பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. கலியாணம் போனது கையாலா, மறைத்ததாலா, என் கூத்தாலா என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா அவர்களைக் குறை சொன்னதில்லை. என்னையும் ஏசவில்லை. நான் ரிமோட்டின் பற்றரிகளைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டேன்.

அவர்கள் வந்துபோன அன்றே, இருட்டுவதற்கு முன், அக்கா பின்பக்கம் குந்தியிருந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொடுக்கப் போனேன்.

"அவையள் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். ஒண்டு மட்டும் சொல்லு தம்பி" என்றாள். "என்ர கை அப்பிடித்தான் நடுங்கிறதெண்டு எனக்கே இண்டைக்குத்தான் வடிவாத் தெரிஞ்சுது. நீ எப்பிடி அவ்வளவு சரியாச் செய்தனீ?"

"திரையில பாத்தனான்தானே அக்கா" என்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்று அடுத்த கோப்பையை எடுத்தாள். என்னை நம்பிவிட்டாள்.

நான் திரையில் பார்த்துப் பழகவில்லை. எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. மத்தியானங்களில் பெடியள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். "எங்க, உன்ர அக்கா தேத்தண்ணி குடிக்கிற மாதிரி ஒருக்காச் செய்து காட்டு மச்சான்" என்பார்கள். நான் கிளாசை அந்தரத்தில் தூக்கிப் பிடிப்பேன். இரண்டு சின்ன நடுக்கம், ஓர் உதறல். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான். இதை அக்காவுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை.