போட்டோவுக்கு வைத்த கீரை

என் மகள் நிலாவுக்கு நான்கு வயது. குழந்தைகளுக்குச் சத்தான சாப்பாட்டைப் பழக்குவதற்கென்று ஒரு செயலியைப் போனில் வைத்திருந்தேன். காய்கறி வைத்த தட்டைப் படமெடுத்துப் போட்டால் நட்சத்திரம் விழும். நிலா கீரையைத் தொடவே மாட்டாள். வேலை முடிந்து சிங்கப்பூரின் ஈசூன் பகுதியிலுள்ள வீட்டுக்கு வரும் அலுப்பில் அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பிருக்காது. அவள் கீரைத் தட்டைக் கன்னத்தருகே பிடித்துச் சிரிப்பாள். படமெடுத்ததும் கீரையை நானே சாப்பிட்டுவிடுவேன்.

போன மாதம் மலச்சிக்கலால் வயிறு வலித்து அழுதாள். லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"காய்கறி சாப்பிடுறாளா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லக் கூசியது. செயலியைத் திறந்து படங்களைக் காட்டினேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு கீரை சாப்பிட்டுமா? அப்போ ப்ளட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்."

சரி என்று தலையாட்டினேன். தாதி ஊசியோடு வந்து நிலாவின் கையைப் பிடித்தார். டாக்டர் அவள் கவனத்தைத் திருப்ப, "கீரைன்னா அவ்ளோ பிடிக்குமா?" என்றார்.

"அது போட்டோ கீரை, ஆன்ட்டி. அப்புறம் அப்பா சாப்பிட்டுடுவாங்க."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊசியை எடுத்துப்போகச் சொன்னார்.

இப்போது சாப்பிடும்போது போனை அறையிலேயே வைத்துவிடுகிறேன். கொஞ்சம் கீரையைச் சோற்றில் பிசைந்து இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். ஆனாலும் தட்டை வைத்ததும் நிலா அதைக் கன்னத்தருகே தூக்கி, வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.