கொளஞ்சியக்கா

மாரியம்மாள் செத்த அன்று அவள் மகன் கொளஞ்சியப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவை நானே குளிப்பாட்டுகிறேன் என்றான். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் முதல் மாலையோடு வந்தவர்கள் வரை எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பெண்பிணத்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மகன் தலைமாட்டில் நின்று கொஞ்சம் எண்ணெயும் சீயக்காயும் வைக்கலாம், அதுவும் புறங்கையால். வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பிறகு நான்கு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொள்வார்கள். அதற்குள்ளே ஆணுக்கு வேலை கிடையாது.

ஆணுக்கு! அந்தத் தெருவில் யாராவது ஒருத்தர் அதற்கு முன்னால் கொளஞ்சியப்பனை ஆண் என்று மதித்திருந்தால் காதை அறுத்துக்கொள்ளலாம்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி வட்டத்தைத் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று அவனுடையது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை வாரி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று காத்திருந்தே நாற்பதைத் தொட்டுவிட்டான். தானே புயல் அடித்து பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பெல்லாம் படுத்துப்போனதே, அதற்கு அடுத்த மாதம் மாரியம்மாளுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அப்பா இல்லை. தங்கை பொற்கொடி நெல்லிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வந்தாள், இரண்டு நாள் இருந்தாள், மாமியார் போன் போட்டதும் கிளம்பிவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன? அங்கேயும் மாமனார் படுத்த படுக்கைதான். அவருக்கு எல்லாம் அவள்தான் செய்தாள். மருமகள் செய்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கொளஞ்சியப்பன் கேட்டு நைட் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டான். காலையில் வந்ததும் அம்மாவுக்குப் பல் விளக்கி, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, குளிப்பாட்டிவிட்டுத்தான் படுப்பான். முதல் நாள் குளிப்பாட்டும்போது மாரியம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"பெத்த புள்ள பாக்கக் கூடாதுடா இதெல்லாம். என்னைய இப்படியே வுட்டுடு."

அவனுக்கும் கூச்சம் பிடுங்கித் தின்றது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குளிப்பாட்டினான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று மாதம்! தடவித் தடவிச் சோப்புப் போட்டு, தடவித் தடவித் துடைத்து, சேலையைச் சுற்றி முடித்த பிறகுதான் கண்ணைத் திறப்பான். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்து குழி விழுந்திருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. வாடை அடித்த அன்றுதான் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மாரியம்மாள் நல்ல கையால் அவன் முகவாயைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாத. இனிமே கண்ணத் தொறந்து பாருடா. அம்மாதான."

அன்றோடு அவர்கள் இரண்டு பேருக்கும் கூச்சம் விட்டது. ஆனால் தெருவுக்கு விடவில்லை. கொடியில் அம்மாவின் பாவாடையைப் பிழிந்து காயப்போடுகிறவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கம்மாபுரத்திலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள், அவன் குழாயடியில் குந்திக்கொண்டு சேலை அலசுவதைப் பார்த்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் திரும்பினார்கள். "மாப்ள ஆம்பளதான?" என்று பெண்ணின் மாமன் தெருவிலேயே கேட்டுவிட்டுப் போனான். விஷயம் சுரங்கம் வரைக்கும் எட்டிவிட்டது. கூட வேலை பார்க்கிற சாமிக்கண்ணுதான் முதலில் அந்தப் பெயரை வைத்தான்.

"என்னா கொளஞ்சியக்கா, வூட்ல இன்னிக்கு என்னா கொழம்பு?"

"கருவாடு" என்று அவனும் சிரித்துக்கொண்டே சொல்வான். வேறு என்ன செய்வான்? பிறகு தெருவில் பொடிசுகள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டன. ஒருநாள் சவரம் செய்யும்போது கண்ணாடியில் மீசையைப் பார்த்து, இவ்வளவு அடர்த்தியாக வைத்திருக்கிறேனே, இது போதாதா என்று நினைத்துக்கொண்டான். ஷிஃப்ட் முடிந்து மற்றவர்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கும்போது அவனை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்கும் வரவரப் பேச்சுக் குறைந்தது. அவள் பேசாத நாளில் ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் வரைக்கும் அவனோடு பேச நாதி கிடையாது. பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவான்.

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை அவன் வேலையிலிருந்து வந்தபோது மாரியம்மாளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கெல்லாம் அடங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குக் குடத்தில் தண்ணீர் வந்து இறங்கியபோதுதான் அவன் அதைக் கேட்டான்.

"உனக்கு என்னா கிறுக்கா புடிச்சிருக்கு கொளஞ்சி?" என்றாள் தனம். "பொம்பளைங்க செய்யற எடத்துல ஆம்பள வரலாமா?"

"ஆறு வருசமா என்னைய அக்கான்னுதான கூப்ட்டீங்க? அக்காவாவே வரேன். இன்னிக்கு ஒரு நாளு மட்டும் என்னாத்துக்கு என்னைய ஆம்பளையாக்கறீங்க?"

சாமிக்கண்ணு தரையைப் பார்த்தான். பொற்கொடி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாத்துக்கறேண்ணே. நீ வெளிய இரு. நாளைக்கி ஊரு ஒண்ணு சொல்லிடப் போவுது."

ஊர் இதுவரைக்கும் சொல்லாதது என்ன பாக்கி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுக்குத் தெம்பு விட்டுப்போயிருந்தது. தலைமாட்டில் குனிந்து, இரண்டாயிரம் தடவை குளிப்பாட்டிய கையைத் திருப்பி, புறங்கையால் எண்ணெய் வைத்தான். சீயக்காய் வைத்தான். சேலை மறைத்துக்கொண்டது.

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. "ரவிக்கையிலேர்ந்து கை வர்ல", "இழுத்துப் புடி" என்றார்கள்.

"மணிக்கட்டப் புடிச்சி இழுக்காதீங்க!" வெளியிலிருந்து கத்தினான். "முழங்கைக்கு அடியில கையக் குடுத்துத் தூக்குங்க. மெதுவா."

பிறகு பொற்கொடியின் குரல் வந்தது. "வந்துடுச்சிண்ணே."

"தண்ணி என்னா தண்ணி?"

"என்னாண்ணே?"

"பச்சத் தண்ணியா ஊத்தப் போறீங்க? அம்மாவுக்கு ஆவாது பொற்கொடி. வெடவெடன்னு நடுங்கிப்பூடும்."

பிணத்துக்கு என்னடா சூடும் குளிரும் என்று ஆண்கள் பக்கத்தில் யாரோ ஆரம்பித்தார்கள். சாமிக்கண்ணு அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தான். மறைப்பை விலக்கிக்கொண்டு தனம் வெளியே வந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பறை நின்றது. தண்ணீர் காய்கிற வரைக்கும் அவ்வளவு கூட்டமும் காத்துக்கொண்டு நின்றது.

பெரிய அலுமினியக் குண்டானைப் பழந்துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்த தனம் நேராக உள்ளே போகவில்லை. கொளஞ்சியப்பன் முன்னால் அதை இறக்கிவைத்தாள்.

"சூடு சரியா இருக்குதா, நீ பாரு."

அவன் முழங்கையை விட்டுப் பார்த்தான். குடத்திலிருந்து இரண்டு சொம்பு விளாவி, மறுபடியும் பார்த்தான். போதும் என்று தலையாட்டினான். தனம் குண்டானைத் தூக்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நிற்கும்வரை, ஈரக்கையைத் துடைக்காமல் அவன் வெளியேதான் நின்றான்.