சும்மா கொடுத்த கொக்கி

தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கும் அவளுக்கு 'ஸ்க்ரூ' என்று பேர் வைத்தது புருஷன்தான். வீட்டில் ஒரு சாமானையும் சும்மா விடமாட்டாள். ரிமோட் மூடி, குழாய்த் திருகு, வாஷிங் மெஷின் பட்டன் எல்லாம் அவளே கம்ப்யூட்டரில் வரைந்து, த்ரீடி பிரிண்டரில் எடுத்தவை. வரைந்ததை அப்படியே இணையத்தில் போட்டுவிடுவாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், காசு கிடையாது. ஊருக்கு உழைக்கிற பிறவி, என்ன செய்வது!

குடியிருந்தது ஐந்தாம் மாடி. ஜன்னலை ஒரு சாணுக்கு மேல் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கி ஒருநாள் உடைந்தது. மகனுக்கோ நாற்காலியில் ஏறுகிற வயது. கம்பெனியில் கேட்டால், கொக்கி தனியாக வராது, ஜன்னலையே மாற்றுங்கள் என்றார்கள். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. தானே வரைந்தாள். மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள், கொக்கி அசையவில்லை. அதையும் இணையத்தில் ஏற்றினாள். அதுவரை எதற்கும் வராத கூட்டம் இதற்கு வந்தது.

கோடையில் ஒரு மத்தியானம் ஜன்னலைத் துடைக்கப் போனவள் கொக்கியைத் தொட்டாள். மெழுகு மாதிரி வளைந்து கையோடு வந்துவிட்டது. ஜன்னல் ஆவென்று திறந்தது. அவள் மூட்டை கட்டிப் பார்த்ததெல்லாம் அறைக்குள், ஃபேனுக்குக் கீழே. வெயிலில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அன்றே ஃபைலை இணையத்திலிருந்து நீக்கிவிட்டு, "எல்லோரும் கழற்றிவிடுங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டாள். ஆனால் அது எப்போதோ அவள் கையை விட்டுப் போயிருந்தது. ஒருவர் பிளாஸ்டிக் மிச்சமாகட்டும் என்று மெலிதாக்கியிருந்தார். இன்னொருவர் பூ வேலை செய்திருந்தார். பலவற்றில் அவள் பேரே இல்லை. தேடித் தேடி எழுதினாள். "எங்க வீட்ல நல்லாத்தான இருக்கு" என்றார் ஒருவர்.

"நீ காசா வாங்கின? சும்மா எடுத்தவங்க பாத்துக்க வேண்டியதுதான. சாப்பிட வா" என்றான் புருஷன்.

"காசு கேட்டிருந்தா நாலு பேரு எடுத்திருப்பாங்க. சும்மா குடுத்ததாலதான் இப்படிப் பரவிடுச்சு. எந்த வீட்ல எந்தப் புள்ள ஏறி நிக்குதோ!"

அதன்பின் அவள் எதையும் வரையவில்லை.

அடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது. "அக்கா, யாரோ அனுப்புன ஃபைல்ல உங்க பேரு இருந்துச்சு. எங்க குழந்தைகள் காப்பகத்துல எல்லா ஜன்னலுக்கும் உங்க கொக்கிதான். மூணாவது மாடிங்கறதால முன்ன பூட்டியே வெச்சிருந்தோம். இப்ப காத்து நல்லா வருது, புள்ளைங்க ஜன்னல விட்டு நகரவே மாட்டேங்குதுங்க. ரொம்ப நன்றி."

"இப்பவே கழட்டுங்க. எங்க இருக்கீங்க?" என்று உடனே எழுதினாள். மறுபடி எழுதினாள். யாரும் திறந்து பார்க்கவில்லை. நன்றி சொல்வதற்கென்றே தொடங்கிய கணக்கு போலிருக்கிறது. ஊரும் இல்லை, போன் நம்பரும் இல்லை.

கூடவே ஒரு படம் வந்திருந்தது. ஏதாவது பெயர்ப்பலகை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்று குழந்தைகள் ஜன்னலில் சாய்ந்திருந்தன. எல்லா முகத்திலும் நல்ல வெயில்.