பிரித்த சேலை வாசலைத் தாண்டிய நாள்

எங்கள் பட்டுக்கடையில் பிரித்த சேலை வாசலைத் தாண்டக் கூடாது. இதை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வெயிலில் நிறம் காட்டலாமே என்று ஒருமுறை சேலையோடு வாசல் பக்கம் நகர்ந்தாள். முதலாளி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது.

கடைக்குள் எரிகிற விளக்குகளுக்கு எல்லா நிறமும் அழகுதான். மயில் கழுத்து என்று வாங்கிப் போன சேலை, வீட்டு வாசலில் வெறும் பச்சையாகத் தெரியும். இது கவுண்டரில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். கடை சாத்துமுன் முதலாளி எங்களைக் கூட்டி, “யாருக்காவது எதனா சொல்றதுக்கு இருக்குதா?” என்று தினமும் கேட்பார். கேட்கும்போதே கார் சாவியைக் கையில் எடுத்துவிடுவார். நாங்களும் வாயில் கொழுக்கட்டையை வைத்தது போல் நிற்போம். நானும்தான்.

ஐப்பசி முகூர்த்தங்களுக்குக் கூட்டம் நெரித்த ஒரு நாள், கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருவர் சேலையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். “உள்ள ஒரு கலரு, வெளிய ஒரு கலரா? எங்கள ஏமாத்தறீங்களா?”

அதை விற்றவர் என் பக்கத்துக் கவுண்டர்காரர். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வருபவர், என்னைவிட இளையவர், அதிர்ந்து பேசாதவர். முதலாளி அந்த அம்மாவைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு அவரிடம் திரும்பினார். “நாளைலேர்ந்து நீ குடோனுக்குப் போப்பா.”

குடோனுக்குப் போன யாரும் கவுண்டருக்குத் திரும்பியதில்லை. அவர் சரியென்று தலையாட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர்மேலும் சேர்த்துத்தான்.

“தப்பு அவர் மேல இல்ல சார், லைட்டு மேல. சேலைய வாசல்ல வெச்சுக் காட்டினா இந்தச் சண்டையே வராது.”

“காட்ட வேண்டியதுதானேம்மா? நான் வேணாம்னு சொன்னேனா?”

“வாயால சொல்லல சார். பார்த்தீங்க. நாங்க எதனா சொல்ல வந்தா சாவிய எடுத்துக்கினு கிளம்பிடறீங்க.”

வேலை போனால் போகட்டும், இந்த ஊரில் பட்டுக்கடைக்கா பஞ்சம் என்றிருந்தது எனக்கு. “சரி, நாளைக்கு வாசல்லயே காட்டுங்க. அவனே காட்டட்டும். குடோனுக்குப் போறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கலாம்” என்றார் முதலாளி.

மறுநாள் வாலாஜாபாத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. விலையெல்லாம் பேசி முடித்தாயிற்று. பக்கத்துக் கவுண்டர்காரர் சேலையை எடுத்துப்போய் வாசல் வெயிலில் விரித்தார். மணப்பெண் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “இது வேணாம்மா.”

முடிந்த வியாபாரம் கைநழுவியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாங்கள் யாரும் சேலையைப் பார்க்கவில்லை, முதலாளியைத்தான் பார்த்தோம்.

முதலாளி எழுந்து வாசலுக்கு வந்தார். “வீட்டுக்குப் போயி தெரியறதுக்கு இங்கயே தெரிஞ்சுதே, நல்லதாப் போச்சு. அந்த அரக்குக் கலர எடுத்துக்கினு வாப்பா.”

அரக்கும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, வாங்காமலே போனார்கள். ஆனால் குடோன் பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவில்லை.

அன்று கடை சாத்துமுன் முதலாளி எங்களைக் கூட்டியபோது, அதுவரை அங்கே வாயே திறக்காத அந்தக் கவுண்டர்காரர் எல்லாருக்கும் முன்னால் பேசினார். “சார், வாசல்ல மதியத்துக்கு மேல நிழல் விழுந்துடுது. மாடி ஜன்னல் பக்கம் காட்டினாத்தான் நாள் பூரா வெளிச்சம் இருக்கும். அக்கா சொன்னது பாதிதான் சரி.”

என் யோசனையைத்தான் குறை சொன்னார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.