ரோஸ்லின் அணைத்த கணினி

ரோஸ்லினை வேலையை விட்டு அனுப்பியது கணினிகளை இணைக்க வந்த புது சுவிட்ச்தான் என்று எங்கள் கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

வில்லியனூரிலிருந்து பஸ் ஏறி சேதராப்பட்டுக்கு வருவாள். ஒன்பது வருடமாகக் காண்டிராக்ட். பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று மேனேஜர் குமரவேல் வருடாவருடம் சொல்ல, அதை நம்பி வேறு இரண்டு வேலைகளை விட்டாள்.

கம்பெனியின் கணினிகள் எல்லாம் பேசிக்கொண்டது அவள் மேசையடியில் இருந்த ஒரு பழைய கணினி வழியாகத்தான். வருகிற ஒவ்வொரு தகவலையும் அதிலிருந்த மென்பொருள் பார்த்து, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று முடிவுசெய்து அனுப்பும். கூட்டம் கூடினால் திணறும். ரோஸ்லின் உட்கார்ந்து, ஓடும்போதே புது வழிகளைச் சேர்த்துச் சமாளிப்பாள். மூன்று வருடம் அதை அணைத்ததே இல்லை.

போன ஆயுத பூஜைக்கு, ஓடுகிற மெஷினுக்குப் படைக்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர் சம்மந்தம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் மறுத்தால் வேறு மாதிரி பேசுவார்கள் என்று பயந்து அணைத்தாள். துடைத்துச் சந்தனம் வைத்தாள். மறுபடி போட்டபோது, சேர்த்த வழிகள் எதுவும் இல்லை. அவற்றை அவள் சேமித்தே வைக்கவில்லை. தப்பு அவளுடையதுதான், நான் மறைக்கவில்லை.

நான் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையின் கணினியும் முடங்கியது; பதினொரு லாரிகள் மாலைவரை வெயிலில் நின்றன.

மறுநாள் அவளே எழுதிக் கொடுத்தாள்: இதற்கென்றே செய்த சுவிட்ச் வாங்குங்கள், அதிலுள்ள சில்லு மென்பொருளைக் கேட்டு நிற்காது, வந்த வேகத்திலேயே அனுப்பிவிடும், பக்கத்தில் ஆள் உட்காரத் தேவையில்லை. உன் சோற்றில் நீயே மண்ணைப் போட்டுக்கொள்கிறாயே என்று திட்டினேன்.

"தெரியுதுண்ணே. அதுக்காக ஓடாதத ஓடும்னு எழுத முடியுமா?" என்றாள்.

சுவிட்ச் வந்தது. அத்தனை வழிகளையும் அவளே ஏற்றி, சேமித்து, இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்காலம் குமரவேல் என் எதிரிலேயே அவளைப் பாராட்டினார்.

"இன்னா சுத்தமா செஞ்சிட்ட நீ. இனிமே இதுக்கு ஆளே வேணாம்மா. மாசக் கடைசியோட நின்னுக்க."

"தேங்க்ஸ் சார்" என்றாள் ரோஸ்லின்.

அவளுக்காக நான் குமரவேலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் காண்டிராக்ட்தான்.