வஹீத் பாயின் புகைமணி

1975 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வஹீத் பாய் எங்கள் வீட்டை விட்டுப் போனார். சட்டைப்பையில் வைத்திருந்த ஃபியூஸ் கட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் சொருகினார். ஏணியைச் சைக்கிளின் ஓரத்தில் கட்டினார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பனகல் பார்க் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏணி கட்டிய சைக்கிளில் ஏறி ஓட்ட முடியாது. அதனால் தெருமுனை வரை அவர் முதுகு தெரிந்தது. அம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதற்கு முன் பதினைந்து வருடம் எங்கள் வீட்டில் மின்சாரம் என்றால் வஹீத் பாய்தான். மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம் ஒரு சந்தில் அவர் வீடு. தி.நகரில் எங்கள் வீடும் ஜவுளிக்கடையும் ஒரே கட்டடம். கீழே கடை, அதன் பின்னால் குடோன், மாடியில் நாங்கள். தேக்குச் சட்டத்துக்குள் கம்பி ஓட்டி, வட்டக் கட்டையில் கறுப்பு ஸ்விட்ச் வைத்து அந்தக் கட்டடம் முழுவதையும் அவர்தான் செய்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏணி மேலிருந்து, "இன்னா பாப்பா, இன்னிக்கி எத்தினி மார்க்கு?" என்பார். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், "பரவால்ல, நான் அதுகூட வாங்கல" என்பார்.

வேலை தொடங்கும்முன் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடியும் வரை அவை வேறு யார் கைக்கும் போகாது. ஒருமுறை ரேடியோவில் செய்தி கேட்க அப்பா அவசரப்பட்டுக் கட்டையைக் கேட்டார். "நான் எறங்குற வரிக்கும் நியூஸு நிக்கும் மொதலாளி" என்று மேலிருந்தே சொல்லிவிட்டார். அப்பாவிடம் அப்படிப் பேசக்கூடிய வேறு ஆள் எனக்குத் தெரியாது.

ஆறு வருடம் வெளிநாட்டில் படிப்பு, வேலை, பிறகு பஸ்ஸும் ரயிலுமாக ஊர் சுற்றல் எல்லாம் முடிந்து அந்த வருடம்தான் திரும்பியிருந்தேன். பெட்டியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருந்தது. புகை பட்டால் கத்தும் கருவி. அமெரிக்காவில் நான் குடியிருந்த வீட்டுக்காரி கொடுத்தது. ஒவ்வொரு நாட்டு எல்லையிலும் திறந்து காட்டி, இது குண்டு இல்லை என்று சொல்லிச் சொல்லியே கொண்டுவந்தேன். எங்கே மாட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடோனில் சேலைக்கட்டுகளுக்கு நடுவே எட்டு ஆட்கள் படுத்திருந்தார்கள். எல்லாரும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து கடையில் வேலை பார்த்தவர்கள். கடை மூடியதும் அப்பா ஷட்டரை இறக்கி வெளியே பூட்டுவார். சாவிக்கொத்து மாடிக்கு வந்துவிடும். அந்தத் தெருவில் பல கடைகளில் அதுதான் வழக்கம். நானும் பிறந்ததிலிருந்து பார்த்ததால் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

வஹீத் பாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த பேட்டரி நம்மூர் டிரான்சிஸ்டரில் போடும் அதே பேட்டரி என்று கண்டதும் முகம் மலர்ந்தது.

"சத்தம் குடோன்ல கேக்கும். மேல மொதலாளிக்குக் கேக்காது. மாடில ஒரு மணி வெச்சி, ரெண்டத்தையும் சேத்துரலாம்."

"கரண்டுல குடுங்க பாய், மணி பலமா அடிக்கும்ல" என்றார் அப்பா.

"நெருப்பு புடிச்சா மொதல்ல போறதே கரண்டுதான் மொதலாளி. அப்ப மணி இன்னாத்த அடிக்கும்? டார்ச்சுக்குப் போடற பேட்டரிக் கட்ட போட்டுத் தனி லைன் இழுக்கணும். பழைய கம்பிங்க கூட ஒரே சட்டத்துல உடவே கூடாது. எங்கனா உரசிச்சின்னா டப்பாவும் போச்சு, தொட்டவனும் போனான்."

மூலையில் புகை போய்ச் சேர நேரமாகும் என்று கூரையின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார். ஃபேன் காற்று படாத இடமாகவும் பார்த்தார். சாமி படத்துக்கு எங்கே ஊதுவத்தி கொளுத்துவீர்கள் என்று ஆட்களைக் கேட்டார். காட்டினார்கள். பீடி எங்கே என்று கேட்டார். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"என் கடையில ஒருத்தனும் பீடி குடிக்க மாட்டான்" என்றார் அப்பா.

"ஆமா மொதலாளி, எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு, வஹீத் பாய் டப்பாவை, பீடிச் சாம்பல் படிந்திருந்த ஜன்னலிலிருந்து இரண்டு கஜம் தள்ளி மாட்டினார். ஆட்களில் மூத்தவரான வெள்ளைச்சாமி சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோதனை. கடை விடுமுறை. "ராத்திரி எப்டி இருக்குமோ அப்டியே இருக்கணும். பூட்டிட்டு, சாவிய அது இருக்கிற எடத்துல வையிங்க" என்றார் வஹீத் பாய். சத்தத்தை உள்ளிருந்து கேட்க வேண்டும் என்று அப்பாவும் ஆட்களோடு குடோனுக்குள் போனார். நான் வெளியே பூட்டை அமுக்கிப் பூட்டிவிட்டு, மாடி பீரோவில் சாவிக்கொத்தை வைத்துவிட்டு அம்மாவோடு உட்கார்ந்தேன். உள்ளே வஹீத் பாய் சாம்பிராணி போட்டார். மாடி மணி அடித்தது. அம்மா கைதட்டினாள்.

கொத்தோடு கீழே ஓடினேன். பதினான்கு சாவிகள், எதிலும் அடையாளம் இல்லை. எந்தச் சாவி என்று அப்பாவின் விரலுக்கு மட்டும்தான் தெரியும், அப்பாவோ உள்ளே இருக்கிறார். எந்தச் சாவி என்று கத்தினேன். உள்ளே டப்பா போடும் சத்தத்தில் ஒன்றும் எட்டவில்லை. ஷட்டரை உள்ளிருந்து தட்டத் தொடங்கினார்கள். முதலில் விளையாட்டாகத் தட்டினார்கள். பிறகு அது விளையாட்டாக இல்லை. போட்டுப் பார்த்த சாவியையே திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் திறந்தபோது அப்பா கண்ணீரும் இருமலுமாக வந்தார்.

வஹீத் பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிசம். இது வெறும் சாம்பிராணி."

அப்பா தெருக்குழாயில் முகம் கழுவினார்.

"சேலக்கட்டுன்னா ஏழு நிமிசம் தாங்காது மொதலாளி. பின்பக்கம் சந்துல ஒரு கதவு வெச்சி, உள்ளாற தாப்பா போட்டுக் குடுங்க."

"உள்ள தாப்பா வச்சா விடியறதுக்குள்ள பாதிக் கட சந்து வழியாப் போயிரும். ஒமக்குத் தெரியாது பாய்."

எட்டுப் பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். வெள்ளைச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வஹீத் பாய் பையிலிருந்து ஒரு ஃபியூஸ் கட்டையை எடுத்துக் காட்டினார். "இத ஏன் நான் உங்க கைல குடுக்கறதில்ல? உங்க மேல நம்பிக்க இல்லாமயா? கம்பியப் புடிச்சிக்கினு இருக்கறது நான். அதான் இது எங்கைல கீது. உள்ளாற படுக்கறது அவங்க."

"நீரு வயர் இழுக்க வந்தீரா, எனக்கு நியாயம் சொல்ல வந்தீரா?"

"அப்ப மணியக் கழட்டிர்றேன். ஆளப் பூட்டி வெச்சிட்டு மணி அடிக்கறது பாவம்."

"மணி இருக்கட்டும். நீரு இனிமே வர வேண்டாம்."

அப்படித்தான் அவர் போனார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா உட்கார்ந்தபோது அம்மா இலை போடவில்லை. அம்மா பெயர் இசக்கியம்மாள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. "எட்டுப் பேரு அம்மாமாரும் எங்கிட்ட சொல்லித்தான் அனுப்பிச்சிருக்காக. மணி அடிச்சா நான் எந்தச் சாவியத் தேடட்டும்? அதச் சொல்லுங்க, சோறு போடுதேன்" என்றாள்.

மூன்றாம் நாள் ஆசாரி வந்தார். சந்துப் பக்கம் கதவு வந்தது, உள்ளே தாழ்ப்பாளும் வந்தது. சாயங்காலம் ஷட்டரைப் பூட்டிவிட்டு அப்பா அந்தக் கதவைப் போய்ப் பார்ப்பார். தொடமாட்டார். வஹீத் பாயைக் கூப்பிடச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. நான் கச்சேரி ரோடு சந்துக்குப் போவதற்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. அவர் மனைவி கமர் ஜஹான் எனக்குச் சர்பத் கொடுத்தார். "மஸ்கட் போய்ட்டாரும்மா, கட்டட வேல. இங்க இருந்த வரிக்கும் உங்க வீட்டுப் பேச்சு எடுத்தாலே எந்திரிச்சிப் போயிருவாரு" என்றார்.

1977 தீபாவளி வியாபாரத்தின்போது, விடியற்காலையில், யாரோ அணைக்க மறந்த இஸ்திரிப் பெட்டி ஒரு கட்டு வேட்டியைப் பற்றவைத்தது. டப்பா கத்தியது, மாடியில் மணி அடித்தது. அப்பா சாவிக்கொத்தோடு இறங்கி வருவதற்குள் ஆட்கள் சந்து வழியாகத் தெருவுக்கு வந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வேட்டியோடு போயிற்று.

அன்று மத்தியானம் அப்பா என்னை உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொன்னது நான்கே வரி. பின்பக்கம் கதவு வைத்துவிட்டேன். நெருப்பு வந்தது. எட்டுப் பேரும் சுகம். உங்களை வர வேண்டாம் என்று சொன்னது என் தப்பு. கடிதம் வறண்டு கிடக்கிறதே என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்: வெள்ளைச்சாமி திரும்ப உள்ளே ஓடித் தன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. கமர் ஜஹானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பதில் இல்லை. அப்பாவும் கேட்பதை நிறுத்திவிட்டார். இந்த வருடம், 1979 பங்குனியில், மஸ்கட் தபால்தலையோடு ஒரு கவர் வந்தது. யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மொதலாளிக்கு சலாம். கடுதாசி பாலைவனத்தில் மூணு கேம்ப் சுத்தி இப்பதான் கைக்கு வந்தது. கதவு வைத்தது சந்தோசம். பாப்பா எழுதிய சிரிப்பு சங்கதி எனக்கு சிரிப்பு வரவில்லை. வெளியே வந்தவன் பெட்டிக்காக உள்ளே போகக் கூடாது. தெருவில் ஒரே இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும், ஒருத்தர் எட்டு வரை எண்ண வேண்டும். பெட்டிகளை இன்றைக்கே மாடிக்கு ஏற்றி விடுங்கள். டார்ச் கட்டை ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாற்றணும், மாற்றியிருக்க மாட்டீர்கள். ரம்ஜானுக்கு வருகிறேன். நான் வருகிற வரைக்கும் கம்பியில் யாரையும் கை வைக்க விட வேண்டாம்."